முதல் பிரதி ஏன் விரியவில்லை: ஒரு ரசிகர் கதை புத்தகமான நிகழ்வு ஆய்வு

என் மேசையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே கதை, ஒரே எழுத்துரு, ஒரே அளவு. கெட்டி அட்டைமேல் போர்த்திய சுங்குடித் துணிகூட ஒரே சேலையிலிருந்து வெட்டியது. முதல் புத்தகத்தை நடுவில் பிரித்து வைத்துக் கையை எடுத்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். இரண்டாவது அப்படியில்லை. எந்தப் பக்கத்தில் பிரித்தேனோ அந்தப் பக்கத்திலேயே கிடக்கும். ஒரு கையில் காபி டம்ளரோடு படிக்கலாம். இரண்டையும் நான்தான் தைத்தேன். இரண்டுக்கும் நடுவே 11 மாதம் ஓடிவிட்டது. அந்த 11 மாதத்தில் என்ன தப்பு நடந்தது, எதை எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதி வைக்கிறேன். இதே ஆசையில் ஊசி நூலை எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் தாளாவது மிச்சமாகும்.

கதை

ஷெர்லாக் ஹோம்ஸையும் டாக்டர் வாட்சனையும் வைத்து வெளிநாட்டு வாசகி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கதை அது. 34 அத்தியாயம், ஏறக்குறைய 1,40,000 சொற்கள். எழுதி முடிக்க அவருக்கு இரண்டேகால் வருடம் பிடித்தது. ஒன்பதாவது அத்தியாயம் வந்தபோது நான் சேர்ந்துகொண்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் காத்திருந்து படித்தேன். கதை முடிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைக் கையில் எடுத்துப் புரட்ட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

ஏற்கெனவே இருக்கும் கதைமாந்தரை வாசகர்களே எடுத்துக்கொண்டு புதுக்கதை எழுதுவதைத்தான் ரசிகர் கதை என்கிறோம். இந்த ஆசை தமிழுக்குப் புதியது இல்லை. கல்கி 'பொன்னியின் செல்வன்' கதையை நிறுத்திய இடத்திலிருந்து அதே மாந்தரை வைத்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அவர் பத்திரிகை ஆசிரியர். அவர் கதை அச்சாகிப் புத்தகமாகவும் வந்தது. இணையத்தில் எழுதும் ரசிகர்களுக்குப் பதிப்பாளர் கிடையாது. பணமும் கிடையாது. படித்தவர்கள் எழுதும் நாலு வரிதான் வரும்படி.

பதிப்பாளர் இல்லாத கதை எளிதில் காணாமல் போகும். 1967-இல் அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைத் தாங்களே அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். இன்றைக்கும் அதன் பிரதிகள் இருக்கின்றன, ஏனென்றால் அது தாள். அதற்குப் பின்னால் வந்த இணையப் பக்கங்களுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. 2007-இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் முன்னறிவிப்பு இல்லாமல் நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கியபோது ரசிகர் குழுக்கள் பலவும் அதில் மாட்டிக்கொண்டன. 2009-இல், இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது எத்தனையோ பேர் தங்கள் பக்கங்களை இழந்தார்கள். 'இனி நம் இடத்தை நாமே வைத்துக்கொள்வோம்' என்று ரசிகர்கள் 2007-இல் ஒரு லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த அமைப்பு 2009 நவம்பரில் திறந்து வைத்ததுதான் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் கதைத் தளம். பத்து ஆண்டு கழித்து, 2019-இல், அதற்கு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் கிடைத்தது. அங்கே எந்தக் கதையையும் ஈபப், பிடிஎஃப் என ஐந்து வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் எழுதியவர் நினைத்தால் நாளைக்கே தன் கதையை நீக்கிவிடலாம். அது அவர் உரிமை. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதனால்தான் பிடித்த கதையை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் சிலர் அச்சடித்துத் தைக்கவும் செய்கிறார்கள். 2020-இல் ஊரடங்கில் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பழக்கம் வேகமாகப் பரவியது. 'ரெனிகேட் பைண்டரி' என்ற ரசிகர் கூட்டம் உருவானதும் அந்தச் சமயத்தில்தான்.

அம்மாச்சியின் பைண்டு

எனக்கு இதெல்லாம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே, கும்பகோணத்தில் அம்மாச்சி வீட்டு அலமாரியில் ஒரு கனத்த பைண்டு வால்யூம் இருந்தது. 1950-களில் ஆனந்த விகடனில் 'கலைமணி' என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', கோபுலு படங்களோடு. வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு வால்யூமாவது இருக்கும். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் இப்போதும் அவை கண்ணில் படும். முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் பெயரும் ஊரும் மையில் எழுதியிருக்கும்.

என் முதல் புத்தகம் கெட்டுப்போன பிறகுதான் அந்த வால்யூமைத் தொழில் கண்ணோடு பார்த்தேன். கிழித்த பக்கங்கள் ஆதலால் எல்லாம் ஒற்றைத் தாள்கள். நடுவில் மடிப்பு இல்லாத தாளை மடிப்பில் தைக்க முடியாது. ஆகவே பைண்டர் அடுக்கின் ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளிக் கோணூசியால் துளை போட்டு, மேலிருந்து கீழாகக் குத்தித் தைத்திருக்கிறார். தையல் இன்றும் இரும்பு. ஆனால் புத்தகம் முழுதாக விரியாது. உள் ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று எழுத்து தையலுக்குள் போய்விடும்; ஊகித்துப் படிக்க வேண்டும். அப்புறம் மூன்று பக்கத்தையும் கட்டிங் மெஷினில் சீவியிருக்கிறார். ஒரு படத்தில் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரம், அணசு என்கிற அகன்ற வாயோடு அறுபட்டிருக்கும். சிறு வயதில் அந்த வாத்தியமே அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்திருந்தேன்.

அதே வால்யூமில் இன்னொன்றும் உண்டு. ஒரு வாரத்து இதழ் வீட்டுக்கு வராமல் போயிருக்கிறது. அம்மாச்சி எதிர்வீட்டு இதழை ஒரு நாள் கடன் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதி, பைண்டரிடம் கொடுத்து அந்த இடத்திலேயே சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். அச்சுப் பக்கம் பழுப்பேறி உதிர ஆரம்பித்துவிட்டது. அம்மாச்சியின் கையெழுத்துப் பக்கம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

முதல் பிரதி

எழுதியவருக்கு முதலில் ஒரு கடிதம் போட்டேன். உங்கள் கதையை எனக்கென்று ஒரு பிரதி பைண்டு செய்துகொள்ளலாமா, விற்க மாட்டேன் என்று. இரண்டே நாளில் சம்மதம் சொல்லிப் பதில் வந்தது.

பக்கம் அமைப்பதற்கு மூன்று வார இறுதிகள் ஆயின. ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நாலு பக்கம். பக்கத்துக்கு 350 சொல் வீதம் 400 பக்கம் வந்தது; அதாவது 100 தாள். நாலு தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மடித்தால் 16 பக்க ஃபாரம் ஒன்று. ஆக 25 ஃபாரம். லேசர் பிரிண்டரில்தான் எடுத்தேன். இங்க்ஜெட் மை பசையின் ஈரம் பட்டால் ஊறிவிடும்.

ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் ஆறு துளை. தேன்மெழுகு தடவிய நூல். முதல் ஃபாரத்தின் உள்ளே நுழைந்து, வெளியே வந்து, முதுகில் குறுக்காக வைத்த துணிப் பட்டியைச் சுற்றி, மறுபடி உள்ளே. கடைசித் துளையில் வெளியே வந்ததும் அடுத்த ஃபாரத்தை மேலே வைத்து அதற்குள் ஏற வேண்டும். ஒவ்வொரு முனையிலும் கீழே இருக்கும் ஃபாரத்தின் தையலுக்குள் ஊசியைக் கொடுத்து ஒரு கொக்கி முடிச்சு. நாலைந்து ஃபாரம் தாண்டியதும் கைக்கு ஒரு தாளம் வந்துவிடும். நூலை இழுக்கும்போது முதுகுக்கு இணையாக இழுக்க வேண்டும். தன் பக்கமாக இழுத்தால் துளை கிழிந்துவிடும். நான் ஏழாவது ஃபாரத்தில் கிழித்தேன். தைத்து முடித்தபோது இரவு இரண்டு மணி. முதுகைப் பார்த்தேன், 25 மடிப்பும் வரிசையாக நின்றன. அன்றைக்கு வந்த சந்தோஷத்துக்கு ஈடாக வேறெதையும் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் சறுக்கியது. முதுகில் பசை தடவி, அம்மிக்கல்லைப் பாரமாக ஏற்றி வைத்தேன். ஐப்பசி மழைக்காலம், சென்னையில் துவைத்த துணியே காயாத வாரம். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், முதுகை ஒட்டி ஒவ்வொரு தாளும் அப்பளம்போல் நெளிந்திருந்தது. அட்டை போட்டு ஒட்டியதும் அட்டையும் மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்டது. சுங்குடித் துணியின் மேல் பசையை நேராகத் தடவியதில் வெள்ளைப் புள்ளிகள் வழியே பசை கசிந்து மேலே திட்டுத்திட்டாக நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, புத்தகம் விரியவில்லை. விரல் வைத்து அழுத்திப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது.

காரணம்

தையல் தப்பு என்றே நினைத்தேன். இறுக்கிவிட்டேனோ, பசை அதிகமோ என்று ஆறு மாதம் வேறு வேறு சின்ன நோட்டுகளைத் தைத்துப் பார்த்தேன். எல்லாமே விறைத்துக்கொண்டு நின்றன. கடைசியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் பைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பக்கத்தைப் பிடித்து, விரலால் இரண்டு தடவை நெளித்துப் பார்த்தார்.

"தையல்ல ஒண்ணும் தப்பில்லம்மா. நல்லாத்தான் ஏத்தியிருக்க. பேப்பரு குறுக்க ஓடுது."

"குறுக்கன்னா என்னண்ணே?"

பக்கத்தில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்து நெடுக்காகக் கிழித்தார். நூல் பிடித்தாற்போல நேராகக் கிழிந்தது. அதையே குறுக்காகக் கிழித்தார். கோணலும் மாணலுமாகப் போயிற்று. "இதான். மூங்கிலப் பொளக்குற மாதிரி. அது ஓடுற பக்கம்தான் மடிக்கணும்."

அரை நிமிடப் பாடம். வீட்டுக்கு வந்து விவரமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். தாள் செய்யும்போது கூழ் ஓடும் சல்லடை மேல் விழுகிறது. அது ஓடும் திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படுத்துவிடுகின்றன. இதைத்தான் அச்சகத்தில் கிரெய்ன் என்கிறார்கள். நாரின் போக்கில் தாளை வளைப்பது சுலபம். நாருக்குக் குறுக்கே வளைத்தால் ஒவ்வொரு நாரும் எதிர்த்து நிற்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, குறுக்களவில்தான் பருக்கும். ஆகவே தாள் விரிவதும் நாருக்குக் குறுக்குத் திசையில்தான்.

கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை நடுவில் மடித்தால் மடிப்பு நாரைக் குறுக்கே வெட்டுகிறது. என் முதல் பிரதியின் 100 தாளும் அப்படித்தான். விரியாததற்குக் காரணம் அதுதான். முதுகில் பசை பட்டதும் தாள் மேலும் கீழுமாக நீளப் பார்த்தது. தையலும் பசையும் அதைப் பிடித்துக்கொண்டன. போக இடமில்லாமல் நெளிந்தது. அப்பளத்துக்கும் அதுவே காரணம். அட்டையையும் நான் கிடைத்த வாக்கில் வெட்டியிருந்தேன். துணி ஒரு திசையில் இழுக்க, அட்டை இன்னொரு திசையில் வளைய, மூலை முறுக்கிற்று. நாலு கோளாறு என்று நான் தனித்தனியாகத் துரத்திக்கொண்டிருந்தது இரண்டுக்கு மேல் இல்லை. கறை மட்டும் தனி.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய, ஒரே தாளில் நெடுக்காக ஒரு பட்டையும் குறுக்காக ஒரு பட்டையும் ஒரே அளவில் வெட்டி, இரண்டையும் ஒரு முனையில் பிடித்துப் படுக்கையாக நீட்டிப் பாருங்கள். நாரோடு வெட்டிய பட்டை நிமிர்ந்து நிற்கும். மற்றது தொங்கிவிடும். இப்போது அட்டை, தாள், அட்டையைப் புத்தகத்தோடு இணைக்கும் ஒட்டுத்தாள் எதை வாங்கினாலும் இதைச் செய்யாமல் நான் கத்தியைத் தொடுவதில்லை.

இரண்டாம் முறை

மருந்து எளிது. நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை வாங்கி நடுவில் வெட்டினேன். கிடைத்த ஏ4 தாளில் நார் அகலவாக்கில் ஓடுகிறது. அதை மடித்தால் மடிப்பும் நாரும் ஒரே போக்கு. மடிக்கும்போதே வித்தியாசம் விரலுக்குத் தெரிந்தது. முன்பு ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தாலும் மடிப்பு சொரசொரப்பாக எழும்பி நின்றது. இப்போது ஒரே தேய்ப்பில் கத்திபோல் படிந்தது.

இம்முறை இரண்டு பிரதி தைத்தேன், ஒன்று எனக்கு, ஒன்று எழுதியவருக்கு.

பசையையும் மாற்றினேன். முதல் பிரதிக்கு மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தேன். நம் ஊர் பைண்டர்கள் பூச்சி வராமலிருக்கப் பரம்பரையாகச் செய்வது அது. ராமபாணப் பூச்சிக்கு மைதா என்றால் விருந்து, ஆகவே அவர்கள் செய்ததில் நியாயம் உண்டு. ஆனால் துத்தத்தில் இருப்பது செம்பு. செம்பு தாளின் நாரை நாளடைவில் அரித்து நொறுங்க வைக்கும் என்று தாள் பாதுகாப்பில் இருப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். விஷம் வேறு, அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக்கூடாது. இப்போது துத்தம் இல்லாமல் அன்றன்றைக்குக் கிண்டிய பசைதான். மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன். அலமாரியில் வசம்புத் துண்டு போட்டு வைக்கிறேன். பூச்சிக்குப் பயந்து புத்தகத்துக்குள் விஷம் வைப்பதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

துணிக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்து, துணியை ஈரமாக்கி நீவிவிட்டு, அதன் முதுகில் மெல்லிய டிஷ்யூத் தாளை நீர்த்த பசையால் ஒட்டிக் காயவிட்டேன். மறுநாள் காலை உரித்தால் துணி ஒரு தாள்போல விறைப்பாக வந்தது. இனி பசை மேலே வர வழியில்லை. அம்மாவின் பழைய சேலை அது. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. லண்டன் இரவுக் கதைக்குச் சுங்குடியா என்று தோழி ஒருத்தி கேட்டாள். அந்தக் கதையை நான் படித்தது மின்விசிறி சத்தத்துக்கு நடுவே, இந்த வீட்டில். என் பிரதிக்கு என் வீட்டுத் துணிதான் பொருத்தம். எழுதியவர் பிரதிக்கும் அதையே போட்டேன். எங்கேயிருந்து ஒருத்தி படித்தாள் என்று அவருக்குத் தெரியட்டும்.

வேலையை மழையில்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். முதுகுப் பசை ஒரே ராத்திரியில் காய்ந்தது. நெளிவு இல்லை. அட்டையை மூடி அம்மிக்கல்லுக்குக் கீழே நாலு நாள் விட்டு எடுத்தேன். பிரித்து வைத்தேன். விரிந்தது. அப்படியே கிடந்தது.

எதை விட்டோம், எதைச் சேர்த்தோம்

தாளும் பசையும் சரியாகிவிட்டன. ஆனால் இரண்டாம் பிரதிக்குப் பக்கம் அமைக்கும்போது வேறொரு கேள்வி வந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வில் முக்கியமானது அதுதான்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் எழுதியவர் ஒரு குறிப்பு போட்டிருந்தார். 'தேர்வு இருந்ததால் தாமதம், மன்னிக்கவும்' என்று ஒன்று. 'அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அடுத்தது எப்போது என்று தெரியாது' என்று இன்னொன்று. 22-ஆம் அத்தியாயத்தில், 'இதன் கடைசிக் காட்சியை மாற்றி எழுதியிருக்கிறேன். போன வாரம் ஒருவர் கேட்ட கேள்விதான் காரணம்.' முதல் பிரதியில் இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கடையில் விற்கும் நாவல்போலச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். படித்துப் பார்த்தபோது எதுவோ குறைந்தது. கதை முழுதாக இருந்தது, அது வந்த விதம் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஏழு வாரம் நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அதற்குப் பிறகு வந்த அத்தியாயத்தில் வாட்சன் ஒரு படுக்கையருகே உட்கார்ந்திருக்கிறார். குறிப்பு இல்லாமல் படித்தால் அது வெறும் காட்சி.

அம்மாச்சியின் வால்யூமில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் 'தொடரும்' இருக்கிறது. பக்கத்தின் மறுபுறம் சோப்பு விளம்பரமும், வேறு யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிப் பத்தியும் இருக்கின்றன. பைண்டர் எதையும் எடுக்கவில்லை, எடுக்கவும் வழியில்லை. அதனால்தான் அந்தப் புத்தகத்தில் கதையோடு ஒரு வருடமும், ஒரு தெருவும், ஒரு காத்திருப்பும் சேர்ந்து கிடக்கிறது. அதே தொடர் பின்னால் சுத்தமான புத்தகமாக வந்ததும் வீட்டில் இருக்கிறது. நான் திரும்பத் திரும்ப எடுப்பது அம்மாச்சியுடையதைத்தான்.

இரண்டாம் பிரதியில் குறிப்புகள் எல்லாவற்றையும், வந்த தேதியோடு, சின்ன எழுத்தில் அத்தியாயத் தலைப்புக்குக் கீழே திரும்பச் சேர்த்தேன். எழுதியவரிடம் கேட்டுக்கொண்டுதான். அப்பாவைப் பற்றிய குறிப்பு வேண்டுமா என்று தனியாகக் கேட்டேன். "அது இருக்கட்டும்" என்று பதில் வந்தது. வாசகர்கள் எழுதியவற்றைச் சேர்க்கவில்லை. அவர்கள் எல்லாரிடமும் அனுமதி வாங்க வழி இல்லை. பக்கம் 400-லிருந்து 416 ஆயிற்று, ஒரு ஃபாரம் கூடுதல்.

காசு

புத்தகத்தைப் பார்த்தவர்களில் மூன்று பேர் 'எனக்கும் ஒன்று செய்து கொடு, காசு தருகிறேன்' என்றார்கள். மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்பதை விளக்க வேண்டியிருக்கிறது.

ஹோம்ஸ் பாத்திரம் இன்று யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் கடைசிக் கதைகளின் காப்புரிமையும் 2023 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் நான் தைத்த இந்தக் கதையின் ஒவ்வொரு வாக்கியமும் எழுதியவருக்குச் சொந்தம். அவர் அதை இலவசமாகக் கொடுத்தார். இலவசமாகக் கிடைத்ததைத் தைத்து நான் காசு பார்ப்பது எந்த விதத்திலும் முறையில்லை. ஹோம்ஸ் தவிர்த்த பெரும்பாலான ரசிகர் கதைகளில் மூலப் பாத்திரமும் இன்னொருவருடைய உரிமை. அங்கே விற்பனை நடந்தால் வம்பு எழுதியவர் தலையில் விடியும்.

இது கற்பனைப் பயம் இல்லை. ஹாரி பாட்டர் உலகத்தை வைத்து சென்லின்யூ எழுதிய 'மனாக்கிள்ட்' என்ற ரசிகர் கதையைப் பலர் பைண்டு செய்து இணையக் கடைகளில் விற்றார்கள். அந்தச் சட்டவிரோத விற்பனை தன்னையும் ரசிகர் கதை எழுதும் உரிமையையும் ஆபத்தில் தள்ளுகிறது என்று 2024-இல் அவர் அறிவித்தார். அதே ஆண்டு இறுதியில் கதையைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். அதைச் சொந்தப் பாத்திரங்களோடு மாற்றி எழுதி 2025 செப்டம்பரில் 'ஆல்கமைஸ்டு' என்ற நாவலாக வெளியிட்டார். அவருக்கு நல்ல வழி கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் எல்லாருக்கும் அப்படி ஒரு கதவு திறக்காது. எங்கோ ஒருவர் விற்ற புத்தகத்துக்காக இன்னொருவர் எழுதுவதையே நிறுத்திவிடக்கூடும்.

தாள், துணி செலவை மட்டும் வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். நான் அதையும் வாங்குவதில்லை. கேட்ட மூன்று பேரையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி இப்போது தனக்குப் பிடித்த கதையைத் தானே தைக்கிறாள். பதினோராவது ஃபாரத்தில் இருக்கிறாள். நார் பார்க்கும் வித்தையை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அனுப்பிய பிறகு

எழுதியவரின் பிரதியைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, மூலைகளுக்கு அட்டை வைத்து, பார்சலில் அனுப்பினேன். போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. அவர் ஒரு படம் அனுப்பினார். சாப்பாட்டு மேசையில் புத்தகம் விரிந்து கிடக்கிறது. யாரும் கை வைத்துப் பிடிக்கவில்லை. 23-ஆம் அத்தியாயத்தின் முதல் பக்கம் அது.

நாலு மாதம் கழித்து அவர் 35-ஆம் அத்தியாயம் ஒன்றை எழுதிப் போட்டார். வாட்சன் கிழவராகி ஒரு ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார். 3,000 சொல்லுக்குள் முடிந்துவிடும். அதன் தலையில் ஒரு குறிப்பு: 'முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். புத்தகமாகப் படித்தபோது இது மிச்சம் இருப்பது தெரிந்தது.'

தைத்து முடித்த புத்தகத்தைப் பிரித்து ஒரு ஃபாரம் சேர்க்க முடியாது. சேர்த்தால் முதுகு தாங்காது. ஏ3 தாளில் மீதமிருந்ததை எடுத்து, நார் பார்த்து வெட்டி, மூன்று தாளை மடித்து, நடுவில் மூன்று துளை போட்டு, 12 பக்கத்தில் சின்னத் தனிப் பிரதியாகத் தைத்தேன். சுங்குடியில் மிச்சமிருந்த துண்டை வெட்டிப் பின்னட்டையின் உள்பக்கம் ஒரு பை ஒட்டி, அதில் செருகி வைத்திருக்கிறேன். அவருக்கும் ஒன்று தைத்து, ஒட்ட வேண்டிய பையோடு உறையில் போட்டு, நேற்றுத்தான் தபாலில் சேர்த்தேன்.